கைப்பிடிச் சுவரும் திருகாணியும்

அறநெறியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது நம் எண்ணம் பெரும்பாலும் பெரிய செய்திகளையே நாடுகிறது. கொலை, களவு, பொய்ச்சான்று, கையூட்டு, சாதிப் பகைமை ஆகியவற்றை மேடைதோறும் கண்டிக்கிறோம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் படுக்கையறையில் நிற்கும் அலமாரி ஒன்றைச் சுவரோடு சேர்த்து இறுக்காமல் விட்டுவிடுவது அறத்தின்பாற்பட்ட கேள்வியா என்று ஒருவர் கேட்டால், கேட்டவரை வியப்போடு பார்ப்போம். அது தச்சாசாரியின் வேலை அல்லவா, இறையியலுக்கு அங்கே என்ன இடம் என்று நமக்குத் தோன்றும். அவ்வாறு தோன்றுவது சரிதானா என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீடுகளிலிருந்தே தொடங்குவோம். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கட்டிலும் பீரோவும் இல்லாத திருமணச் சீர்வரிசை அரிது. சிறு லாரியில் வந்து இறங்கும் பீரோவைத் தெருவே நின்று பார்க்கும். கண்ணாடி எத்தனை பெரிது, வண்ணம் எது, உள்ளே பூட்டறை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அது எங்கே நிற்கப் போகிறது, எதைப் பற்றிக்கொண்டு நிற்கப் போகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. அறையின் ஒரு மூலையில் அதை நிறுத்துவார்கள். ஆடினால் காலடியில் ஓர் ஓட்டுச் சில்லையோ மடித்த அட்டையையோ செருகுவார்கள். அதன் தலைமேல் பெட்டிகளும், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரங்களும் ஏறும். ஓரிரு ஆண்டுகளில் அதே அறையில் ஒரு குழந்தை தவழும்.

நம் முன்னோரின் வீடுகளில் இந்த அச்சம் குறைவாகவே இருந்தது. தடித்த சுவருக்குள்ளேயே மாடக்குழியும் சுவரலமாரியும் அமைந்திருந்தன. துணி, கொடியில் தொங்கும். அல்லது தாழ்வான மரப்பெட்டிக்குள் கிடக்கும். தானியம் குலுக்கையில் இருக்கும். உயர்ந்து தனித்து நிற்கும் பொருள்கள் சிலவே. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனம் எஃகு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது 1923இல். பின்னர் எஃகு பீரோ மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளுக்கும், அடுத்த தலைமுறையில் எளியோர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இப்போது மரத்தூள் பலகையில் செய்த இழுப்பறை அலமாரிகளும் அகன்ற தொலைக்காட்சிப் பெட்டிகளும் வருகின்றன. முன்பு சுவருக்குள் ஒடுங்கியிருந்த பொருள்கள் சுவரைவிட்டு வெளியே வந்து நிற்கின்றன. ஆனால் அவற்றை எப்படி நிறுத்த வேண்டும் என்ற பழக்கம் மட்டும் அவற்றோடு வரவில்லை.

அலமாரி ஏன் விழுகிறது? ஆறரை அடி உயரமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட பீரோ, கதவுகள் மூடியிருக்கும்வரை நேராகவே நிற்கும். அதன் எடை நான்கு கால்களுக்கு நடுவே இறங்குகிறது. கனத்த கண்ணாடி பதித்த கதவை அகலத் திறக்கும்போது எடையின் ஒரு பகுதி முன்னே வந்துவிடுகிறது. இழுப்பறை அலமாரியில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி. மூன்று நான்கு இழுப்பறைகள் ஒருசேர வெளியே வந்தால், உள்ளிருக்கும் துணிகளின் எடை முன்கால்களைத் தாண்டித் தொங்குகிறது. பெரியவர்களுக்கு அவை இழுப்பறைகள்; குழந்தைக்கோ அவை படிகள். ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள இரண்டு வயதுப் பிள்ளை, கீழ் இழுப்பறையில் கால் வைத்து மேலே உள்ளதைப் பற்றினால் போதும், அலமாரி முழுவதும் அதன்மேல் சாய்ந்துவிடும். மார்பு அழுந்துவதால் பல வேளைகளில் அழுகுரல் கூட எழுவதில்லை. அடுக்களையில் இருக்கும் தாய் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பீரோ சாய்ந்தோ தொலைக்காட்சிப் பெட்டி விழுந்தோ பச்சிளம் குழந்தைகள் மாண்ட செய்திகளை நம் நாளிதழ்களின் உள்பக்கங்களில் அவ்வப்போது படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

இத்தகைய இறப்பு யாருடைய குற்றம் என்ற கேள்வி, அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் நாடறிய எழுந்தது. சுவீடன் நாட்டில் தோன்றிய ஐகியா என்னும் தட்டுமுட்டு நிறுவனம் விற்ற இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து 2014ஆம் ஆண்டில் இரண்டு குழந்தைகள் இறந்தன. 2015இல் அந்நிறுவனம், அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் கருவிப்பையை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2016 பிப்ரவரியில் மற்றொரு குழந்தை இறந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகள் திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. டிசம்பரில் மூன்று குடும்பங்களுக்கு 5 கோடி டாலர் வழங்க நிறுவனம் இசைந்தது. ஆயினும் 2017இல், திரும்பப் பெறப்பட வேண்டிய அலமாரிகளுள் ஒன்று கலிபோர்னியாவில் சாய்ந்து, இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அந்த அறிவிப்பு தங்களை எட்டவே இல்லை என்றனர் பெற்றோர். 2020இல் அக்குடும்பத்திற்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் வழங்கப்பட்டது.

இது ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 2000ஆம் ஆண்டு முதல் 2022 வரை துணி அலமாரிகள் சாய்ந்து இறந்த குழந்தைகள் ஏறத்தாழ இருநூறு பேர் எனக் கணக்கிட்டது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஒன்றுகூடி ஆண்டுக்கணக்கில் போராடினர். அதன் பயனாக 2022 டிசம்பரில் ஒரு சட்டம் பிறந்தது. 2023 செப்டம்பர் முதல், அங்கே செய்யப்படும் துணி அலமாரிகள், இழுப்பறைகள் பல திறந்திருக்கும் நிலையிலும், ஏறக்குறைய 27 கிலோ எடையுள்ள குழந்தை தொங்கும் நிலையிலும் சாயாமல் நிற்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

வழக்குகள் நடந்த காலத்தில் இரண்டு வாதங்கள் எதிரெதிரே நின்றன. சுவரோடு பிணைக்க வேண்டும் என்று நாங்கள் அச்சிட்டுக் கொடுத்தோம், பிணைத்திருந்தால் விழுந்திராது என்றது செய்தவர் தரப்பு. பிணைத்தால்தான் நிற்கும் என்ற பொருளை ஏன் செய்து விற்றீர்கள் என்றது இழந்தவர் தரப்பு. நீதிமன்றம் இழப்பீட்டை வரையறுக்கலாம். மனச்சான்றின் கேள்வி அதனோடு முடிவதில்லை.

நம்மிடையே இத்தகைய துயரம் நிகழ்ந்தால் என்ன சொல்கிறோம்? முதலில் விதி என்கிறோம். கிறிஸ்தவர்களாகிய நாம் அச்சொல்லைச் சற்று மாற்றி இறைவனின் திருவுளம் என்கிறோம். ஆனால் இயேசு இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மடிந்த செய்தி லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. மடிந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று வினவி, இல்லை என்று அவரே விடையும் தருகிறார். இடிபாட்டில் சிக்கியவர்மீது கடவுளின் தண்டனை இறங்கிற்று என்று சொல்லும் உரிமையை அவர் நம்மிடமிருந்து பறித்துவிட்டார். சாவைக் கண்டவர்கள் தங்கள் வாழ்வைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவர் விட்டுச் சென்ற சொல். 2021 டிசம்பர் 17ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள திருநெல்வேலி நகரில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்தனர். அதன் பின்னரே மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைத் தேடி இடிக்கும் வேலை விரைந்து நடந்தது. மூன்று பிள்ளைகள் போன பிறகு செய்ய முடிந்த ஒன்றை, அவர்கள் போவதற்கு முன்னும் செய்திருக்க முடியும் அல்லவா? திருவுளம் என்ற சொல்லுக்குப் பின்னே மறைந்து நிற்கும் உண்மை பல வேளைகளில் இதுவே.

விதியை விட்டால், பிள்ளையின் துடுக்கு என்கிறோம். சும்மா இருக்காத பிள்ளை, எதிலும் ஏறும் பிள்ளை என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்கிறோம். ஏறுவது குழந்தையின் இயல்பு. அவ்வியல்பால்தான் அது நடக்கவும் ஓடவும் கற்றுக்கொள்கிறது. எதிர்பார்க்க வேண்டிய ஒன்று நிகழும்போது, அதை எதிர்பாராதது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடுத்து, தாய் எங்கே போனாள் என்று கேட்கிறோம். இது மிகக் கொடிய கேள்வி. இரவும் பகலும் கண்ணிமைக்காமல் ஒரு பிள்ளையைப் பார்த்திருக்க எந்தத் தாயாலும் ஆகாது. அவளும் சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், உறங்க வேண்டும். பலர் சேர்ந்து செய்யத் தவறியதை, துயரத்தில் பேச வாயில்லாத ஒருத்தியின் தலையில் ஏற்றிவிடுகிறோம். அந்த அறையில் அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்திய ஆண்களுள் ஒருவரையும் யாரும் கேட்பதில்லை.

திருச்சபையின் அறநெறி மரபு இதைவிட நுட்பமாகப் பார்க்கிறது. நாம் திருப்பலியின் தொடக்கத்தில் செய்த பாவங்களை மட்டுமன்றி, கடமையில் தவறியவற்றையும் அறிக்கையிடுகிறோம். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், முன்மதி என்னும் நற்பண்பின் உறுப்புகளாக வருவதறிதல், சூழலறிதல், விழிப்புணர்வு ஆகியவற்றைச் சேர்க்கிறார். முன்மதிக்கு எதிரான பாவங்களுள் ஒன்றாகக் கவனக்குறைவையும் தனியே ஆராய்கிறார். தற்செயலாக நிகழும் உயிரிழப்பைப் பற்றிப் பேசுமிடத்தில், அகற்றியிருக்க வேண்டிய ஆபத்தை ஒருவர் அகற்றாமல் விட்டு, அதனால் சாவு நேர்ந்தால், அவர் ஏதோ ஒரு வகையில் அச்சாவை விரும்பியவரைப் போன்றே ஆகிறார் என்னும் கருத்தை முன்வைக்கிறார். கடுமையான கருத்துதான். ஆனால் அது எல்லாரையும் சாடவில்லை. அகற்றும் கடமை உடையவரைத்தான் சுட்டுகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் ஐந்தாம் கட்டளையை விளக்குமிடத்தில் (எண் 2269), தக்க காரணமின்றி ஒருவரை உயிராபத்துக்கு உள்ளாக்குவதை விலக்குகிறது. நம் வள்ளுவரும் மறதியாகிய சோர்வைக் குணக்குறை என்று ஒதுக்கிவிடாமல், பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே அமைத்தார்.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஒரு சட்டம் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம், புதுவீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. எழுப்பாததால் ஒருவர் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று எச்சரிக்கிறது. பாலஸ்தீன நாட்டில் தட்டையான கூரையின்மேல் மக்கள் உலாவினர், உறங்கினர், தானியம் உலர்த்தினர். எனவே அங்கே விழும் ஆபத்து அன்றாட ஆபத்து. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரமும் இவ்வாறே பேசுகிறது. குழி தோண்டியவர் அதை மூடாமல் விட்டு, பிறருடைய மாடு அதில் விழுந்தால், தோண்டியவர் ஈடு செய்ய வேண்டும். முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்ட பின்னும் உரிமையாளர் அதைக் கட்டிவைக்காமல், அது ஒருவரைக் கொன்றுவிட்டால், உரிமையாளரும் குற்றவாளி ஆகிறார். முன்பு முட்டியதில்லை என்றால் அவர் குற்றமற்றவர். எச்சரிக்கை காதில் விழுந்த நாளிலிருந்து பொறுப்புத் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி அலமாரிக்கு வருவோம். பொறுப்பு யாருக்கு எவ்வளவு? மிகுதியாக அறிந்தவருக்கு மிகுதியான பொறுப்பு. பொருளைச் செய்கிறவர் அதன் எடையையும் சாயும் கோணத்தையும் அறிவார், வாங்குகிறவர் அறியார். ஆகவே முதல் கடமை செய்கிறவருடையது. ஒரு கருவிப்பையையும் ஓர் எச்சரிக்கைத் தாளையும் பெட்டிக்குள் போட்டுவிட்டால், பொறுப்பும் அவற்றோடு வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அடுத்து விற்கிறவர். பீரோவைக் கொண்டுவந்து இறக்கும் பணியாளர், கூடவே துளையிடும் கருவியைக் கொண்டுவந்தால் கால்மணி நேரத்தில் அதைச் சுவரோடு பிணைத்துவிடலாம். நம் கடைத்தெருக்களில் இது வழக்கமாகிவிட்டால் எத்தனை நன்மை!

அடுத்தவர் வீட்டு உரிமையாளர். வாடகைக்குக் குடியிருப்போரிடம் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்வது நம் ஊரில் எங்கும் உள்ள வழக்கம். வாடகைக்காரரும் முன்பணத்தில் பிடித்தம் செய்துவிடுவார்களே என்று அஞ்சி, பீரோவைத் தனியே நிற்க விடுகிறார். இரண்டு துளைகளை அடைக்கச் சிறிது சிமெண்டுப் பூச்சுப் போதும். அந்தப் பூச்சின் அழகுக்காக ஒரு குழந்தையின் உயிரை ஆபத்தில் நிறுத்துவது நீதியாகுமா? கத்தோலிக்க வீட்டு உரிமையாளர் எவரேனும் இதைப் படித்தால், குடியிருப்போரை அழைத்து, பீரோவைப் பிணைத்துக்கொள்ளுங்கள் என்று தாமே சொல்வது, அவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த இரக்கச் செயல்களுள் ஒன்றாகும்.

கடைசியாக அந்த வீட்டில் வாழும் நாம். நம் ஊரில் விசைத்தறியை நிறுவும்போது அதன் கால்களைத் தரையோடு இறுக்குகிறோம். இறுக்காவிட்டால் அது தன் அதிர்விலேயே நகர்ந்துவிடும் என்பதை அறிவோம். வருமானம் தரும் பொருளுக்குக் காட்டும் அக்கறையை, பிள்ளை உறங்கும் அறையில் நிற்கும் பொருளுக்குக் காட்ட ஏன் தவறுகிறோம்? இரண்டு இரும்புப் பட்டைகளும் நான்கு திருகாணிகளும் வாங்க ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஒருமுறை பிரியாணி வாங்கிச் சாப்பிடும் செலவைவிடக் குறைவு. பணம் இல்லை என்பது இங்கே காரணம் அன்று. இதைச் செய்ய வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை என்பதே காரணம்.

செய்ய வேண்டும் என்று துணிந்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. பிணைத்தது போலத் தோன்றுவதும் உண்மையில் பிணைந்திருப்பதும் வேறு. மரச் சுவர் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நம் ஊரில் மரச் சுவர் குறைவு. பெரிய கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் பிளைவுட் தடுப்புகளே மிகுதி. ஆனால் நம் பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரும் அங்கே போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளின் சுவர் மரச் சட்டகத்தால் ஆனது. ஏறத்தாழ பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரக்கால்கள் செங்குத்தாக நிற்கும். அவற்றின்மேல் அரை அங்குலக் கனமுள்ள சுண்ணப் பலகையை அறைந்து வண்ணம் பூசியிருப்பார்கள். இரு கால்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம்.

பார்வைக்குச் சுவர் முழுவதும் ஒன்றுபோலவே இருக்கும். வெற்றிடத்தின்மேல் திருகாணியை முறுக்கினாலும் அது உள்ளே போகும்; இறுகியதாகவும் தோன்றும். ஒரு நாள் எடை இழுக்கும்போது பலகைத் துண்டோடு பெயர்ந்து வந்துவிடும். ஆகவே முதலில் மறைந்திருக்கும் மரக்காலைக் கண்டுபிடிக்க வேண்டும். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், வெற்றிடத்தில் ஒலி அதிரும். மரக்கால் உள்ள இடத்தில் ஒலி அடங்கும். அந்த இடத்தில், திருகாணியைவிடச் சற்று மெல்லிய துளையிட்டு, மரம் பிளக்காதபடி முறுக்க வேண்டும். பலகையைக் கடந்து மரத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கும் நீளம் திருகாணிக்கு வேண்டும். அலமாரியின் பக்கத்திலும் இதே எச்சரிக்கை தேவை. முதுகுப்புறத்தில் ஒட்டிய மெல்லிய அட்டையில் அன்றி, அதன் மேற்சட்டத்தில் பட்டையைப் பொருத்த வேண்டும்.

நம் ஊர்ச் செங்கல் சுவருக்கும் இதே நெறிதான். மேற்பூச்சு தாங்காது, அதைக் கடந்து செங்கல்லுக்குள் துளை இறங்கி, அதில் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, அதன் பிறகே திருகாணியை முறுக்க வேண்டும். பிளைவுட் தடுப்பாயின், அத்தடுப்பே தரையோடும் கூரையோடும் உறுதியாகப் பிணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; இல்லையேல் தடுப்பும் அலமாரியோடு சேர்ந்து சாயும். கனமான பொருள்களைக் கீழ்த்தட்டுகளில் வைப்பதும், பிள்ளையின் கண்ணைக் கவரும் பொம்மைகளை அலமாரியின் தலைமேல் வைக்காதிருப்பதும் செலவில்லாத காவல்கள். ஆண்டுக்கு ஒருமுறை கையால் அசைத்துப் பார்ப்பதும் நன்று.

மர வீடுகள் மிகுந்த சப்பான் நாட்டினர் இப்பாடத்தைப் பெருந்துயரில் கற்றனர். 1995 சனவரி 17ஆம் நாள் விடியற்காலை 5.46 மணிக்குக் கோபே நகரப் பகுதியை நிலநடுக்கம் குலுக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உறங்கிக்கொண்டிருந்த வேளையாதலால், இடிந்த வீடுகளுக்கும் சாய்ந்த அலமாரிகளுக்கும் அடியில் நசுங்கியோர் மிகப் பலர். அதன் பிறகு அங்கே அலமாரியைச் சுவரின் மரக்காலோடு இறுக்குவதும், தலைமாட்டில் உயரமான பொருளை நிறுத்தாதிருப்பதும் இல்லந்தோறும் சொல்லப்படும் அறிவுரையாயின. உறங்குகிற மனிதர் தம்மை முழுவதும் பிறரிடம் ஒப்படைத்தவர். அவரால் விலகவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஆதலால்தான் படுக்கையறையில் நிற்கும் பொருளுக்கு நாம் இரட்டிப்பாகக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு தடை எழலாம். இப்படி ஒவ்வொன்றுக்கும் அஞ்சினால் வாழ்வது எப்படி, நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றல்லவா ஆண்டவர் போதித்தார், காக்கிறவர் கடவுள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். கவலை வேறு, முன்மதி வேறு. கவலை இரவெல்லாம் விழித்திருந்து ஒன்றும் செய்யாது. முன்மதி ஒரு பிற்பகலில் எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இரவில் அமைதியாக உறங்கும். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை சோதித்தபோது, வானதூதர் தாங்குவர் என்ற வாக்குறுதி இருந்தும் இயேசு குதிக்கவில்லை. அப்படிச் செய்வது கடவுளைச் சோதிப்பதாகும் என்று மறுத்தார். நம் கையால் ஆகக்கூடியதைச் செய்யாமல் விட்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதும் அத்தகைய சோதனையே. எல்லா ஆபத்தையும் நம்மால் அகற்ற முடியாது என்பது உண்மை. அகற்றக்கூடியதை அகற்றிய பிறகுதான் எஞ்சியதை இறைவன் கையில் ஒப்படைக்கும் தகுதி நமக்கு வருகிறது.

மற்றொன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும். இத்தகைய துயரத்தை ஏற்கெனவே சந்தித்த பெற்றோர் இவ்வரிகளைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு எதிராக இக்கட்டுரை எழுதப்படவில்லை. முட்டும் என்று எச்சரிக்கப்படாத மாட்டின் உரிமையாளரை இறைச்சட்டமே விடுவித்திருக்க, எவரும் எச்சரிக்காத பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் யார்? அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது அருகிருத்தலும் மௌனமும் செபமும். அவர்கள் ஏதேனும் சொல்ல விரும்பினால் கேட்கவும் வேண்டும். அமெரிக்காவில் சட்டத்தை மாற்றியவர்கள் வல்லுநர்கள் மட்டும் அல்லர். இழப்பைச் சுமந்துகொண்டே ஊர் ஊராகச் சென்று பேசிய பெற்றோருந்தாம். தம் பிள்ளையைத் திரும்பப் பெற முடியாது என்று அறிந்தும் முகமறியாத பிள்ளைகளுக்காக அவர்கள் உழைத்தார்கள்.

அறியாதவர்மேல் குற்றமில்லை என்றால், அறிந்தவர்களின் நிலை என்ன? அமெரிக்காவில் அறிவிப்பு எட்டாத ஒரு வீட்டில்தான் 2017இன் இறப்பு நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஆகவே அறிந்த செய்தியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்வதும் பிறரன்பின் கடமையே. பங்குகளில் நாம் எத்தனையோ பக்தசபைகளும் இளைஞர் இயக்கங்களும் வைத்திருக்கிறோம். துளையிடும் கருவியைக் கையாளத் தெரிந்த இளைஞர் நால்வர் ஒரு ஞாயிறு மாலையில் புறப்பட்டால், கைக்குழந்தை உள்ள வீடுகளிலும், கணவர் வெளியூரில் உழைக்கும் பெண்களின் வீடுகளிலும், முதியோர் தனித்திருக்கும் வீடுகளிலும் அலமாரிகளைப் பிணைத்துவிட்டு வரலாம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் செபத்தையும் சேமிப்பையும் பற்றிப் பேசும்போது, சீர்வரிசையாக வரும் பீரோவைச் சுவரோடு இறுக்குவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். குருக்களாகிய நாங்கள் புதுவீடு மந்திரிக்க அழைக்கப்படும்போது ஒவ்வோர் அறையிலும் தீர்த்தம் தெளிக்கிறோம். படுக்கையறையில் சற்று நின்று, இந்தப் பீரோவைப் பிணைத்துவிட்டீர்களா என்று கேட்பதும் அந்தச் சடங்குக்கு இழுக்காகாது.

மாடியைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்ன பழைய சட்டம், அங்கிருந்து விழக்கூடியவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. அவர் வீட்டாராக இருக்கலாம், விருந்தினராக இருக்கலாம், அண்டை வீட்டுச் சிறுவனாக இருக்கலாம். இன்னும் பிறக்காத ஒருவராகவும் இருக்கலாம். பெயர் தெரியாத அந்த ஒருவருக்காக இன்று மாலையே நம் வீட்டுப் பீரோவை ஒருமுறை கையால் அசைத்துப் பார்ப்போம். ஆடுகிறது என்றால், ஆசாரியை அழைக்க நாளைவரை காத்திருக்க வேண்டாம்.